ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்

விமலாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடக் கை வராமல் போன ஒரு காலம் இருந்தது. ரெம்பாவ் பக்கத்தில் இருக்கும் ஆத்தோரத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடை, ரவிக்கை, மலாய்ப் பெண்கள் போடும் பாஜு கூரோங் என்று எது வந்தாலும் தைத்துக் கொடுப்பவள் அவள். வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் துணியைத் தள்ளித் தள்ளி வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால்தான் தூக்குவாள். கிளினிக்கில் கொடுத்த பெனடோல் நாலு மணி நேரம் வலியை அடக்கும். அப்புறம் வலி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் ரெம்பாவ் சந்தையில் ஒருவர் பச்சை மூடி போட்ட கேப்சூல் புட்டியை அவள் கையில் வைத்தார். எல்லாம் வேரும் பட்டையும், ஒரு துளி ரசாயனம் கிடையாது என்றார். மரியாதையாகப் பேசினார், அவசரப்படுத்தவில்லை. விமலா வாங்கி வந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று விழுங்கினாள். மூன்றாம் நாள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். வலி போன இடம் தெரியவில்லை.

நல்லது நடந்தால் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவள் விமலா. நாலு வீடு தள்ளி இருந்த சன்னாசிக்குத்தான் முதலில் சொன்னாள். சன்னாசி முப்பத்தைந்து வருஷம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். அறுபத்தொரு வயதில் இரண்டு முழங்காலும் போய், குந்தி எழ முடியாமல் இருந்தார். கேப்சூல் சாப்பிட்ட மறு வாரம் அவர் மேட்டுக்காட்டில் ஏறி நின்றதை லயமே பார்த்தது. அதற்குப் பிறகு விமலா யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை, அவர்களே வந்தார்கள். சந்தைக்காரர் மாதா மாதம் ஒரு பெட்டி கொண்டுவந்து அவள் வீட்டில் இறக்கினார். ஒன்பது பேர் அவளிடம் வாங்கிச் சாப்பிட்டார்கள். அவளுக்கு அதில் மிஞ்சியது சொற்பம்தான். ஆனால், "விமலா குடுத்த மருந்து" என்று நாலு பேர் சொல்லும்போது மனசு நிறைந்தது.

எட்டு மாதம் இப்படிப் போனது. விமலாவுக்குப் பசி கூடியது, முகம் உருண்டது. உடம்பு போட்டுவிட்டாள், நல்ல காலம்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மேசை முனையில் லேசாக இடித்தாலே கையில் ஊதா நிறத்தில் கன்றிப்போனது. வயசு ஏறுகிறது, அப்படித்தான் இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

இரத்த அழுத்த மாத்திரை வாங்க அவள் கிளினிக்குக்குப் போன ஒரு திங்கட்கிழமை, மருந்து கொடுக்கும் முகப்பில் அபிராமி இருந்தாள். சிரம்பானில் செட்டியார் வீட்டுப் பெண். மருந்தாளராகப் படித்துவிட்டு அந்த வருஷம்தான் இங்கே வேலைக்கு வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. அவள் விமலாவின் அடையாள அட்டையைக் கையில் எடுத்தாள், படத்தைப் பார்த்தாள், விமலாவைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த ஐசி படம் எப்ப எடுத்தது?"

ரெண்டு வருஷம் இருக்கும் என்றாள் விமலா. அபிராமி அதற்குமேல் அங்கே எதுவும் கேட்கவில்லை. முகப்பை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, பக்கத்துச் சின்ன அறைக்கு விமலாவைக் கூட்டிப் போனாள்.

அங்கே அவள் செய்ததெல்லாம் விமலாவுக்கு விசித்திரமாக இருந்தது. கையைப் பிடித்துக் கன்றிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னாள். விமலா எழப் பார்த்தாள், தொடை ஒத்துழைக்கவில்லை. இரண்டாம் தடவையும் முடியவில்லை. தனக்கே தெரியாமல் தன் கால்கள் இப்படி ஆகிவிட்டனவே என்று தொடையைத் தடவிப் பார்த்தாள். இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் ஏறியிருந்தது, போன வருஷம் இல்லாத சர்க்கரை இந்த வருஷம் வந்திருந்தது. கிளினிக் அட்டையிலிருந்த இதையெல்லாம் அபிராமி ஏற்கனவே படித்திருந்தாள்.

"நாங்க குடுக்கிறதத் தவிர வேற என்ன சாப்பிடுறீங்க? சொல்லுங்கக்கா, திட்ட மாட்டேன்."

விமலா கைப்பையைத் திறந்து பச்சை மூடிப் புட்டியை எடுத்து வைத்தாள். அப்போதுகூடக் கொஞ்சம் பெருமையாகத்தான் வைத்தாள். அபிராமி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பதிவு எண் இல்லை, அரசாங்க முத்திரைச் சீட்டு இல்லை, செய்தவர் முகவரி இல்லை.

பிறகு நிதானமாக விளக்கினாள். பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக உங்கள் உடம்பே சொல்கிறது என்றாள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, மூச்சிழுப்பில் தவிக்கிறவரையும் ஒவ்வாமையில் முகம் வீங்கி வருகிறவரையும் காப்பாற்றுவதே அதுதான். வீக்கம் எங்கே இருந்தாலும் அணைத்துவிடும். அதனால்தான் மணிக்கட்டு மூன்று நாளில் சரியானது. ஆனால் அளவு தெரியாமல் மாதக்கணக்கில் போனால் சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும், தசையைக் கரைக்கும், முகத்தை ஊத வைக்கும். இன்னொன்றும் செய்யும். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி வைத்த மாதிரி இரண்டு சுரப்பிகள் உண்டு. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை அவைதான் தினமும் சுரக்கின்றன. வெளியிலிருந்து தாராளமாக வந்தால், நமக்கு வேலை இல்லை என்று அவை தூங்கிவிடும். அப்போது வெளிமருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பில் ஸ்டீராய்டே இருக்காது. ஆள் சரிந்து விழுவார்; உயிரும் போகலாம்.

"அதனால ஒரேயடியா நிறுத்தக் கூடாதுக்கா. இன்னிக்கே டாக்டரப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

டாக்டர் பார்த்தார். அளவு தெரிந்த ப்ரெட்னிசொலோன் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும். எல்லாவற்றையும் அபிராமி ஓர் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். பிறகு, இந்தப் புட்டியை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

 போலீஸ், கோர்ட்டு, லயத்து ஜனங்களின் முகங்கள் எல்லாம் ஒரே நொடியில் விமலாவின் கண்முன் வந்து போயின.

"இல்ல மிஸ். நான் மட்டும்தான்."

புட்டியைப் பரிசோதனைக்கு வைத்துவிட்டுப் போகும்படி அபிராமி கேட்டாள். வீட்டில் போய்த் தூக்கி எறிந்துவிடுகிறேன் என்று விமலா அதைப் பிடுங்காத குறையாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அபிராமி வற்புறுத்தவில்லை. மருந்துப் பையின் மேல் தன் கைத்தொலைபேசி எண்ணை எழுதினாள். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் விமலா மிச்சமிருந்த பெட்டியைப் பின்புறம் கொண்டுபோய் எரித்தாள். பிறகு ஒன்பது பேருக்கும் வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பினாள். பச்சை மூடி மருந்தில் சரக்கு சரியில்லையாம், யாரும் சாப்பிடாதீர்கள், குப்பையில் போட்டுவிடுங்கள் என்றாள். கிளினிக்குக்குப் போங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அங்கே போய் யார் கொடுத்தது என்று சொல்வார்கள். செய்தியைக் கேட்டுவிட்டார்கள் என்று காட்டும் நீலக் குறியைப் பார்த்தபோது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது. தன்னுடைய மாத்திரையை மட்டும் அட்டையில் இருந்தபடி தவறாமல் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சன்னாசியின் மனைவி மங்கம்மா வந்து வாசலில் நின்றாள். முந்தாநாளிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை, வயிற்றில் எதுவும் தங்கவில்லை, டெங்கிக் காய்ச்சலாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, கிளினிக்குக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார் என்றாள். விமலா தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

சன்னாசி பாயில் கிடந்தார். உருண்டிருந்த முகத்தில் இரத்தமே இல்லை. நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது. விமலாவைப் பார்த்து, குலை வெட்டும் கத்தியைத் தீட்டி வைத்தாயா என்று கேட்டார்.

"நீ சொன்ன அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டாரு" என்றாள் மங்கம்மா. "நீ சொன்னா சரியா இருக்கும்னு."

திங்கட்கிழமை அந்தச் சின்ன அறையில் கேட்டதெல்லாம் விமலாவுக்கு இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. தூங்கிப்போன சுரப்பி. சரிந்து விழும் ஆள். அவள் தன் உயிருக்கு வேண்டிய பாதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, மற்றவர்கள் உயிருக்கு வேண்டிய பாதியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு ஓடி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வந்து, அதில் இருந்த எண்ணை அழுத்தினாள்.

"மிஸ், நான் பொய் சொல்லிட்டேன். ஒம்போது பேருக்குக் குடுத்தேன். எல்லாரையும் தூக்கிப் போடச் சொல்லிட்டேன். சன்னாசி அண்ணன் விழுந்து கெடக்கிறாரு."

அபிராமி உடனே கேள்விகளை அடுக்கினாள்.

"எத்தன நாளாச்சி நிறுத்தி?"

"நாலு நாளு."

"பேச்சு இருக்கா?"

"இருக்கு. ஆனா உளர்றாரு."

"சரி. தலகாணிய எடுத்துருங்க, கால உயரமா வைங்க. வாந்தி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மயக்கமா இருக்கிறதால வாயில எதையும் ஊத்தாதீங்க. நான் அம்புலன்ஸோட வரேன்."

இருபது நிமிஷத்தில் அம்புலன்ஸ் வந்தது. அதன் வாலைப் பிடித்த மாதிரி அபிராமியின் மைவி கார் செம்மண் சாலையில் குலுங்கிக்கொண்டு வந்தது. வந்த மருத்துவ உதவியாளர் இரத்த அழுத்தம் பார்த்தார், எண்பதைத் தாண்டவில்லை. சர்க்கரையும் கீழே இறங்கியிருந்தது. அவர் ஊசி குத்தி உப்புத் தண்ணீரும் குளுக்கோஸும் ஏற்றத் தொடங்கினார். அபிராமி இதற்குள் ரெம்பாவ் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து, மலாயில், ஒரு வார்த்தை வீணாக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் தடித்த பேனாவால், "எட்டு மாதம் ஸ்டீராய்டு, நான்கு நாளாக நிறுத்தம்" என்று மலாயில் எழுதி, சன்னாசியின் சட்டை மார்பில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். போகிற வழியில் ஆள் மாறினாலும் விஷயம் மாறக் கூடாது என்பதற்காக அது. கை அவசரத்தில் இருந்தாலும் எழுத்து கோணவில்லை. விமலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வண்டி போனது. மங்கம்மாவும் அதில் போனாள். இனி வசவு வரும் என்று விமலா தலையைக் குனிந்துகொண்டாள். எந்த வசவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அபிராமி ஒரு சின்ன நோட்டைத் திறந்தாள்.

"மத்த எட்டு பேரு பேரு சொல்லுங்கக்கா. யாரு ரொம்ப நாளா சாப்டாங்களோ அவுங்க வீட்டுக்கு மொதல்ல போவோம்."

அவ்வளவுதான். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பத்து மணி வெயிலில் இரண்டு பேரும் லயம் லயமாக நடந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் அபிராமி செருப்பைக் கழற்றினாள். எப்போது நிறுத்தினீர்கள், தலை சுற்றுகிறதா, வாந்தி உண்டா, எழுந்து நிற்க முடிகிறதா என்று ஒரே கேள்விகளை ஒவ்வொரு வீட்டிலும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டாள். பஞ்சாலைக்கும் மாதவிக்கும் எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்து வேனைப் பிடித்து அவர்களை உடனே கிளினிக்குக்கு அனுப்பினாள்.

நீலாவதி வீட்டில்தான் இழுபறி ஆனது. அவள் உரம் போடும் வேலைக்குப் போகிறவள், வாய் பேசத் தெரிந்தவள். கெட்ட மருந்து என்றும் சொல்கிறீர்கள், நிறுத்தினது தப்பு என்றும் சொல்கிறீர்கள், இதில் எதைக் கேட்பது என்று கையை விரித்தாள். அபிராமி சுரப்பியைப் பற்றித் தொடங்கினாள். நீலாவதியின் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. விமலாவுக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாருக்கா. தோட்டத்துல கண்ட்ராக்ட்காரன் வெளியாள எறக்கினான். நம்ம ஆளுங்களுக்கு வேல இல்லாம வீட்டுல குந்திட்டாங்க. இப்ப வெளியாள ஒரே நாள்ல லோரி ஏத்தி அனுப்பிட்டா, மறுநாளு கொல வெட்ட யாரு இருக்கா? கொஞ்சம் கொஞ்சமாத்தான் அனுப்பணும். அதுக்குள்ள நம்ம ஆளுங்கள எழுப்பி வேலைக்குக் கொண்டாரணும். ஒடம்புக்குள்ளயும் அப்படித்தான்லா."

நீலாவதி கிளினிக்குக்குக் கிளம்ப உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அபிராமி நின்ற இடத்திலேயே அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த வீட்டில் அவளே அந்தக் கதையைச் சொன்னாள். குலையைப் பறிப்பது என்றாள். வெட்டுவது என்று விமலா திருத்தினாள். அதற்கடுத்த வீட்டில் சரியாகச் சொன்னாள்.

கடைசி வீடு திருச்செல்வத்தின் வீடு. தோட்டத்துக் காவல்காரர், யார் சொல்வதையும் சுலபத்தில் கேட்க மாட்டார். தான் நிறுத்தவே இல்லை, கால் வலி போன மருந்தை எந்த மடையன் தூக்கிப் போடுவான் என்று சண்டைக்கு வருவது போலச் சொன்னார். சொல்பேச்சுக் கேட்காத ஒரு நோயாளியைப் பார்த்து அபிராமி அவ்வளவு சந்தோஷப்பட்டு விமலா அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவரிடம் பாதிப் புட்டி மிச்சம் இருந்தது. விமலா எல்லாவற்றையும் எரித்துவிட்டதால் பரிசோதனைக்கு அனுப்ப அந்த ஒன்றுதான் இருந்தது. அபிராமி அதை உறையில் போட்டு மூடி, அவரையும் காரிலேயே ஏற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சன்னாசி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் கத்தியைக் கேட்டவர், இப்போது ரொட்டி சானாய் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆறு மணி நேரத்தில் அவர் உடம்புக்குள் போனது உப்புத் தண்ணீரும், குளுக்கோஸும், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஊசியும்தான். அதுவும் ஸ்டீராய்டுதானே என்று விமலா தயங்கித் தயங்கி அபிராமியிடம் கேட்டாள்.

"ஆமாக்கா, அதே குடும்பம்தான். இங்க பேரு தெரிஞ்சு குடுக்கிறோம், அளவு தெரிஞ்சு குடுக்கிறோம், அப்புறம் கூடவே இருந்து பாக்கிறோம்."

அன்றைக்குக் காலையிலிருந்து அபிராமி எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் விமலாவுக்கு ஞாபகம் வந்தது. கேண்டீனில் மைலோவும் கறி பாப்பும் வாங்கி வந்து கொடுத்தாள். அபிராமி நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

பரிசோதனை முடிவு வந்தபோது புட்டியில் இருந்தது டெக்ஸாமெத்தசோன் என்று தெரிந்தது. வேரும் பட்டையும் பெயருக்குத்தான். அமலாக்கப் பிரிவு அதிகாரிகள் வந்தபோது விமலா எதையும் மறைக்காமல் சொன்னாள். யார் கொண்டுவந்தார், எந்த நாளில் வருவார், எந்த நிற வேன் என்பதுவரை சொன்னாள். சந்தையில் அவர் கடை போட்ட இடம் அடுத்த வாரமே காலியாகிவிட்டது. பாரோயில் ஒரு வாடகை வீட்டில் பெட்டி பெட்டியாகப் பிடித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

மங்கம்மா ஒன்றரை மாதம் அவளோடு பேசவில்லை. அது நியாயம்தான் என்று விமலா நினைத்தாள். அவள் செய்தது ஒன்றுதான். ஒன்பது பேரின் அட்டைகளையும் தன் மெஷின் டிராயரில் வாங்கி வைத்துக்கொண்டாள். யாருக்கு எந்த நாள் கிளினிக், யாருக்கு எந்த வாரம் அளவு குறைகிறது என்று பார்த்து, காலையில் போய்க் கதவைத் தட்டுவாள். சன்னாசி வீட்டுக் கதவையும் தட்டுவாள். மங்கம்மா வாயைத் திறக்காமல் அவரை அனுப்பிவைப்பாள். ஒரு நாள் அனுப்பும்போது, "இவருக்கு ரெண்டு நாளா இருமலு, மிஸ்கிட்ட சொல்லு" என்றாள். அதிலிருந்து பேச்சு வந்தது.

மருந்தைக் குறைத்த மாதங்கள் சுலபமாக இருக்கவில்லை. ஓடிப்போன வலியெல்லாம் திரும்பி வந்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. இதெல்லாம் வரும், இந்த வாரம் இது, அடுத்த மாதம் இது என்று அபிராமி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவள் சொன்ன வரிசையிலேயே வந்தது, சொன்ன வரிசையிலேயே போனது. பொய் சொல்லி வலியைப் போக்கியவரையும், உண்மையைச் சொல்லி வலியோடு உட்கார வைத்தவளையும் விமலா மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பாள். கிளினிக்கில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை கொடுத்தார்கள், பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மெஷின் மேசையை நாலு அங்குலம் உயர்த்தச் சொன்னார்கள். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று ரவிக்கை தைக்க முடிந்தது.

சுரப்பி விழித்துவிட்டதா என்று பார்க்க, காலை எட்டு மணிக்கு, அன்றைய மாத்திரையைப் போடாமல் வந்து சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும்; சுரப்பு எவ்வளவு என்று எண் வரும். சன்னாசிக்கு ஏழாம் மாதம் நல்ல எண் வந்தது. ஒவ்வொருவராக மாத்திரையிலிருந்து வெளியே வந்தார்கள். கடைசியாக மிஞ்சியது விமலா. இரண்டு தடவை எண் போதவில்லை என்று அபிராமி அவளைத் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் தடவை, பத்தாம் மாதத்தில், கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, இனி மாத்திரை வேண்டாம் என்று சொன்னாள். சர்க்கரையும் இறங்கியிருந்தது. அழுத்தத்துக்கு ஒரே மாத்திரை போதும் என்று டாக்டர் எழுதியிருந்தார். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், உங்களுக்கு ஒரு ரவிக்கை தைத்துத் தருகிறேன், அளவு கொடுங்கள் என்றாள் விமலா. அபிராமி சிரித்துவிட்டு, அன்பளிப்பு வாங்கக் கூடாது அக்கா, கூலி வாங்கிக்கொண்டால் தைக்கக் கொடுக்கிறேன் என்றாள்.

விமலா முகப்புக்கு எதிரே இருந்த பெஞ்சியில் வேனுக்காக உட்கார்ந்தாள். முகப்புக்கு ஒரு மலாய்ப் பெரியவர் வந்து, பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரையைக் கவிழ்த்துக் கொட்டினார். எது எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. பாதியைச் சாப்பிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அபிராமி அவசரப்படவில்லை. ஒவ்வொரு மாத்திரை அட்டையாக எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். இது சர்க்கரைக்கு, ஈரல் தேவையில்லாமல் சர்க்கரையை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளும், சாப்பாட்டோடு போடுங்கள். இது இரத்தக் குழாயைத் தளர்த்தும், கால் வீங்கினால் வந்து சொல்லுங்கள். இது கொழுப்புக்கு, ஒன்றும் தெரியாதது போல இருக்கும், ஆனால் நெஞ்சைக் காப்பது இதுதான். இது காலாவதியாகிவிட்டது, என்னிடம் கொடுங்கள். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நடுவில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

விமலாவுக்கு அந்த மலாயில் முக்கால்வாசி புரிந்தது. வேன்காரர் வெளியே ஹாரன் அடித்தார். இன்னும் நாலு அட்டை மிச்சம் இருந்தது. அவள் கையைக் காட்டி அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த மாத்திரை எதற்கு என்று கேட்க அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.